ருக்மிணி தேவி அம்மையார்

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலத்தாளைத் தூக்கி ஆடும் கோலத்தை யாவரும் அறிவர். நடனக்கலையைப் புதிதாய்ப் பயின்ற இராஜசேகர பாண்டியன், தன் உடல் நோவை உணர்ந்து, ஓயாது ஒரு தாளூன்றி ஆடும் இறைவனுக்கு எத்துணை நோவோவென உருகி, கால் மாறி ஆட வேண்டினன் என்பது திருவிளையாடற் புராண வரலாறு. அரசனுக்குப் பயிற்சியின் நோவே பக்திக்கு வாயிலாயிற்று. அம்மதுரையிற் பிறந்து, இளமைப் பருவங் கடந்தபின் அந்நோவை விரும்பி ஏற்றவர் ருக்மிணி தேவி அம்மையார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் தோன்றினார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் இஞ்சினீயர். பிரமஞான சபையைச் சார்ந்தவர். பின்னர்க் குடும்பம் சென்னை அடையாற்றிற் குடியேறிற்று. 1920-ல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேல் என்பாரை மணந்தபோது பெருங் கண்டனம் எழுந்தது, அம்மையார் கலங்கினாரல்லர்.

1928-ல் ருஷிய நாட்டு நடனமாதாகிய அன்னா பாவ்லோவாவின் நட்புக் கிடைத்தது. அவர்தம் குழுவினரான கிளியோ நோர்டியிடம் பாலே நடனம் பயின்ற அம்மையாரைத் தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா ஊக்கினார். 1933-ல் சென்னைச் சங்கீத வித்வத் சபையிற் சதிராட்டங் கண்டபோது அந்நாட்டம் உறுதிப்பட்டது. அக்காலை மேன்மக்கள் எனப்பட்டோர் சதிரை இகழ்ந்தனர். பொட்டுக் கட்டும் வழக்கத்தை வெறுத்த சீர்திருத்தக்காரரும், நம் மிஷனரிமாரும், அதனோடு கலையையும் சேர்த்து வெறுத்ததுண்டு.

அம்மையார் மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமும் மாணவியாயினார். சிலப்பதிகார மாதவி ஐந்தாண்டிற் பயிலத் தொடங்கிப் பன்னீராண்டில் அரங்கேறினாள். அம்மையாருக்கோ வயது முப்பதை எட்டியிருந்தது. பாலே நடனம் நுனிவிரலில் எழுந்து விண்ணை நாடுவது. சதிரோ மண்ணை நாடுவது. பயில்வோர் முதற்கண் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். தம் காலால் மிதிக்கப்படும் பூமியிடம் பொறை வேண்டுதலே அதன் பொருள். பின், முழந்தாள்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் அமர்ந்து, தட்டுக்கழியின் ஓசைக்கிணங்கத் தட்டடவை மூன்று காலங்களிலும் மிதிப்பர். தொடை நடுங்கும், மூச்சு வாங்கும், எனினும் மனம் அலையாது பாதத்தில் நிலைக்கும். முடிவில் மீண்டும் நிலத்தை வணங்குவர். அறிந்த யாவற்றையும் மறந்து மண்ணினின்றும் தொடங்கும் இத்தாழ்மையே அம்மையார் பெற்ற முதற்பேறு எனலாம்.

1935-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரமஞான சபையின் அறுபதாம் ஆண்டு விழாவில் அம்மையார் அரங்கேறினார். மறு ஆண்டு நிறுவிய கலாசாலையே கலாக்ஷேத்திரம். பின்னாளில் திருவான்மியூருக்குப் பெயர்ந்த அங்கு, ஆலமர நிழலில் வழிபாடு செய்த பின்னரே நாட்பாடம் தொடங்குதல் மரபாயிற்று.

குறை கூறினாரும் உளர். சிருங்காரத்தைக் குறைத்தமை கலைக்கு ஊறு என்று பாலசரஸ்வதி அம்மையார் கருதினார். வறுமையிலும் இகழ்ச்சியிலும் கலையைக் காத்த பரம்பரையினர் பின்தள்ளப்பட, புகழ் பிறரைச் சேர்ந்தது என்பதும் புறக்கணிக்கத்தக்க சொல்லன்று. ஆயினும், அப்பரம்பரையின் ஆசிரியர் அடியில் அம்மையார் மாணவியாய் நின்று கற்றனர் என்பதும் மெய்யே.

1952-ல் மாநிலங்களவை உறுப்பினராகிய அம்மையார் வாயில்லாப் பிராணிகளுக்காக வாதாடினார். அதன் பயனாக 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. மிதிபடும் மண்ணிடம் பொறை வேண்டிய உள்ளம் அடிபடும் மாட்டிற்கு இரங்கியதில் வியப்பென்னை? 1977-ல் குடியரசுத் தலைவர் பதவி தேடிவந்தபோது அதனை மறுத்தார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டான் என்று வேதம் கற்ற நாம், உடலை ஆன்மாவின் பகையென்றே எண்ணுதல் தகுமோ? உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது அரசன் ஆடியதும் உடலாலன்றோ? முழந்தாளிடுதலும் நிலந்தொடுதலும் ஒரே பாடத்தின் இரு வடிவங்கள். நம் முன்னோர் வெறுத்தொதுக்கிய கலையினின்றும் அப்பாடத்தை நாம் கற்போமாயின், அது நமக்கு இழுக்கன்று, ஆக்கமேயாம்.