காவலூர் இருட்டைத் தேடிப் பிடிச்சவர்!

கொரட்டூர்ல மொட்டை மாடியில நின்னு வானத்தைப் பார்த்தா, தெரியற நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிடலாம். தெருவிளக்கு வெளிச்சம் அப்படி! ஆனா, நம்ம ஸ்டேஷனைத் தாண்டி மேற்கே ஓடற தண்டவாளத்துலயே போய், வாணியம்பாடியில இறங்கி, ஜவ்வாது மலையில இருக்கற காவலூருக்குப் போனா கதையே வேற. அந்த இருட்டைத் தேடிப் பிடிச்சவர் வைணு பாப்பு.

1927, ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பாவுக்கு அங்கிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. 1949-ல் மேற்படிப்புக்காக ஹார்வர்டு போன சில மாதங்களிலேயே, போட்டோ பிளேட் ஒன்றில் யாரும் பார்க்காத வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயரிலேயே பாப்பு இருக்கிறார்.

அதைவிடப் பெரிய சம்பவம் ஒரு கோடு. நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கான இடத்தில் கோடு போடும். ஊதா ஓரத்தில் கால்சியம் போடும் கோட்டுக்குப் பெயர் 'கே'. அதன் நடுவில் மெலிதாக மின்னும் ஒளியின் அகலத்தை அளந்தாலே, அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும் என்று ஓலின் வில்சனும் பாப்புவும் 1957-ல் காட்டினார்கள். பிரகாசம் தெரிஞ்சா தூரமும் தெரியும். செம ஷார்ட்கட் இல்ல?

இதே கே கோடுதான் மிகப் பழைய நட்சத்திரங்களையும் காட்டிக்கொடுக்கிறது. பெருவெடிப்பில் உருவானது ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சூண்டு லித்தியம். கால்சியம், இரும்பு எல்லாம் பிறகு நட்சத்திரங்களுக்குள் வெந்து வந்தவை. அதனால், ஆரம்ப காலத்தில் பிறந்தவற்றில் இவை ரொம்பக் குறைவு. சிலவற்றில் இரும்பின் அளவு, சூரியனில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கே கோடு வழக்கத்தைவிட மங்கலாக இருந்தால், ஆள் பழசுன்னு சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் படிக்கப் பெரிய டெலஸ்கோப் வேணும். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநரான பாப்பு, அதற்கான இடத்தைத் தேடித்தான் காவலூர் வந்தார். தெற்கே இருப்பதால், வடக்கு, தெற்கு இரண்டு பக்க வானமும் அங்கே தெரியும். 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப், 1972-ல் ஒரு மீட்டர் என வளர்ந்தது. அடுத்து, இந்தியாவிலேயே தயாரிக்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப்.

அது முடியும் முன், 1982, ஆகஸ்ட் 19-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறந்துபோனார். வயது 55. உலக வானியலாளர்கள் சங்கத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். தன் கனவு டெலஸ்கோப் வழியாக ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை என்பதைத்தான் ஏத்துக்கவே முடியல.

1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து, அவர் பெயரையே சூட்டினார். உலோகம் குறைந்த பழைய நட்சத்திரங்களின் கோடுகளை அதில் பொருத்திய நிறமாலைமானி படித்திருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் உள்ளே விடறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அங்கே மேகம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க!