கற்களைப் பேச வைத்த காரிகை

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே கடலை நோக்கிச் செங்குத்தான பாறைகள் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் ஒரு படலம், களிமண் ஒரு படலம் என மாறி மாறி அடுக்கிய அப்பாறைத் தொகுதிக்கு நீல லயாஸ் என்று பெயர். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறே இவ்வாறு பாறையாயிற்று. அதனுள் கல்லாகிக் கிடந்த உயிரினங்களை உலகறியச் செய்தவர் ஓர் ஏழைத் தச்சரின் மகள். அவரே மேரி ஆனிங்.

மேரி 1799ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிறந்தார். கைக்குழந்தையாயிருந்தபோது, மரத்தடியில் விழுந்த இடி அவருடன் இருந்த மூன்று பெண்களைப் பலிகொண்டது; குழந்தை மட்டும் பிழைத்தது. தந்தை ரிச்சர்ட், பாறைகளில் கிடைக்கும் புதைபடிவங்களைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பயணிகளுக்கு விற்பதுண்டு. 1810இல் கடனை மட்டும் விட்டுவிட்டு அவர் இறந்தார். விளையாட்டாகப் பொறுக்கிய கற்களே குடும்பத்தின் பிழைப்பாயின.

1811இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு அதன் உடற்பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தவர் மேரி. அப்போது அவருக்கு வயது 12! அது இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வன விலங்கு. 23 பவுனுக்கு விலைபோயிற்று.

இது எளிய தொழில் அன்று. குளிர்கால மழையும் அலையும் பாறையைச் சரிக்கும்போதுதான் புதிய எலும்புகள் வெளிப்படும். அலை இழுத்துச் செல்லுமுன் அவற்றை எடுத்தாக வேண்டும். 1833இல் பாறை சரிந்து, உடன் வந்த செல்ல நாய் டிரே அவர் கண்முன்னே மடிந்தது. மேரி மயிரிழையில் உயிர் தப்பினார்.

ஞாயிறு பள்ளியில் கற்ற எழுத்தறிவே அவருடைய படிப்பு. ஆயினும், அறிவியல் கட்டுரைகளை இரவல் வாங்கிப் படங்களுடன் கையாலேயே படியெடுத்தார். எலும்புகளின் அமைப்பை அறிய மீன்களை அறுத்து ஆராய்ந்தார்.

1823இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அதன் கழுத்தில் 35 முள்ளெலும்புகள் இருந்தன! பிரெஞ்சு அறிஞர் குவியே அதை நம்பவில்லை. வெவ்வேறு விலங்குகளின் எலும்புகளை ஒட்டியிருப்பார்களோ என ஐயுற்றார். பொய் என்று முடிவாகியிருந்தால் மேரியிடம் இனி யார் கல் வாங்குவார்? நற்பெயரோடு பிழைப்பும் போயிருக்கும். 1824இல் இலண்டன் புவியியல் கழகத்தில் அது விவாதிக்கப்பட்டது. பெண்களுக்கு இடமில்லாத அக்கழகத்தில் மேரி இல்லை. அவர் பெயரும் சொல்லப்படவில்லை. ஆனால் எலும்புகள் உண்மை பேசின. குவியே தம் தவற்றை ஒப்புக்கொண்டார்.

1828இல் பறக்கும் ஊர்வனவாகிய டெரோசார் ஒன்றையும் கண்டெடுத்தார். இவை எவையும் டைனோசார்கள் அல்ல. டைனோசார் என்னும் பெயரே 1842இல்தான் பிறந்தது. மேரி மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், பக்கத்து ஊரான சார்மத்தின் பாறைகளில் ஸ்கெலிடோசாரஸ் என்னும் டைனோசார் கிடைத்தது. இத்தகைய தேடலுக்கு அக்கரையில் வழிகாட்டியவர்களுள் மேரி தலையாயவர்.

1847ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், மார்புப் புற்றுநோயால் தம் 47ஆம் வயதில் மேரி காலமானார். 1850இல் அவ்வூர்த் தூய மிக்கேல் ஆலயத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைந்தது. பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்குத் தண்ணீர் என இரக்கச் செயல்கள் ஆறும் அதில் தீட்டப்பட்டுள்ளன. அதற்குப் பொருளுதவியவர்களுள் புவியியல் கழக உறுப்பினர்களும் உண்டு. ஆயினும் அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான். 2022இல், ஒரு பள்ளிச் சிறுமி தொடங்கிய முயற்சியால், லைம் ரீஜிஸில் மேரிக்குச் சிலை எழுந்தது. அருகே டிரேயும் நிற்கிறது.

தோழியரே! வறுமையும் புறக்கணிப்பும் மேரியின் கைச்சுத்தியலை நிறுத்தவில்லை. ஒழுங்காகச் செய்த வேலையே அவருக்காகச் சாட்சி சொன்னது. இன்னொருவர் உழைப்பைப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அதுவும் நீதியே.