அளவு அறிந்து வாழ்ந்த டாக்டர்

ராபின் லாரன்ஸ் ஒரு டாக்டர். ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரில் 1892-ல் பிறந்தவர்.

1920-ல் ஒரு நாள், பிணத்தின் மீது ஆபரேஷன் பழகிக்கொண்டிருந்தார். எலும்புத் துணுக்கு ஒன்று தெறித்துக் கண்ணில் விழுந்தது. புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும்போது, அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது.

அப்போது அதற்கு மருந்து இல்லை. பட்டினிதான் வைத்தியம். வீட்டார் கண் முன்னால் சாக மனமில்லாமல், இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். நாளுக்கு நாள் மெலிந்தார்.

1923-ல் லண்டனிலிருந்து நண்பரின் தந்தி வந்தது. இன்சுலின் வந்துவிட்டது, உடனே வா என்பது சேதி. தள்ளாடும் உடம்போடு காரிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தார். மே 31-ந் தேதி முதல் ஊசி போடப்பட்டது. உயிர் தப்பியது!

மருந்து கிடைத்தால் போதுமா? அளவு தெரிய வேண்டாமா? கூடினால் வியர்வை, நடுக்கம், மயக்கம். குறைந்தால் சர்க்கரை ஏறிவிடும். லாரன்ஸ் தம் உடம்பிலேயே சோதித்தார். உடல் உழைத்த நாளில் அதே ஊசி அதிகமாக வேலை செய்வதைக் கண்டார்.

சாப்பாட்டை அளந்து, சிறுநீரைச் சோதித்து, அதற்குத் தக்கபடி ஊசியின் அளவைத் திருத்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1925-ல் அவர்களுக்காகவும் புத்தகம் எழுதினார். 1934-ல் எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் சேர்ந்து நோயாளிகளுக்குச் சங்கம் அமைத்தார்.

சாகப் போனவர் 45 ஆண்டுகள் ஊசியோடு வாழ்ந்து, 1968-ல் 75 வயதில் காலமானார்.

கட்டுப்பாடு தவறியவர்களுக்கும் இன்றும் வழி அதுதான்: சோதித்துக் குறித்து வைப்பது, டாக்டரைக் கேட்டு அளவைச் சிறிது சிறிதாகத் திருத்துவது. ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது.