வலிப்பை மருந்தாக்கிய செர்லெற்றி

நெஞ்சு என்னும் ஒரு சொல்லை மார்பினுள்ளே துடிக்கும் உறுப்புக்கும், எண்ணுவதும் ஏங்குவதுமாகிய மனத்துக்கும் பொதுவாக வழங்குவது தமிழர் வழக்கு. யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் தம் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று முறையிட்டால், இருதய வைத்தியரிடம் அழைத்துச் செல்வதா, மன வைத்தியரிடம் அழைத்துச் செல்வதா என்று வீட்டார் திகைப்பர். பதகளிப்பு என்று நம்மூரில் வழங்கும் சொல்லும் அத்தகையதே. அது எந்த நெஞ்சின் நோயென்று சொல்லைக் கொண்டு துணிதல் அரிது. இவ்விரண்டு நெஞ்சுகளுள் ஒன்றைக் குணப்படுத்தப் புகுந்து, மற்றதைக் கொல்லாது விடும் வழியைத் தேடிய ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் இத்தாலி நாட்டு மனநோய் வைத்தியப் பேராசிரியர் உகோ செர்லெற்றி. மூளையினூடே மின்னைச் செலுத்தி மனநோய் தீர்க்கும் முறையை 1938 இல் தொடங்கி வைத்தவர். அவர் பெயரைக் கேட்டு அஞ்சுவோரும் உளர்; அவர் கண்ட வழியால் உயிர் மீண்டோம் என்போரும் உளர்.

செர்லெற்றி 1877 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் திகதி, வெனிசு நகருக்கு வடக்கேயுள்ள கொனெல்யானோ என்னும் ஊரிலே பிறந்தார். தூரினிலும் உரோமாபுரியிலும் வைத்தியம் பயின்றார். பின்னர் பாரிசில் பியேர் மரீ என்பவரிடமும், செருமனியிலே கிறெப்பெலின், நிசில், அல்சைமர் ஆகியோரிடமும் கற்றார். முதுமையில் வரும் மறதி நோய்க்குப் பெயர் தந்த அல்சைமரே அவர். நுணுக்குக்காட்டியின் கீழ் மூளையின் மெல்லிய துண்டங்களை வைத்து ஆராய்வதில் அக்காலத்து அவர்களுக்கு நிகரானோர் இலர். அப்பள்ளியிலே பயின்றமையால், மனநோய் யாவும் மூளையின் நோயே என்னும் கொள்கை செர்லெற்றியிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. முதலாம் உலகப் போரிலே மலைப்படையில் சேவை செய்தார். பனியிலே போர்புரியும் வீரர்க்கு வெண்ணிற உடை வேண்டுமென்று வற்புறுத்தினார். தாமதித்து வெடிக்கும் எறிகுண்டுத் திரி ஒன்றையும் அமைத்தார். வைத்தியர் ஒருவருக்கு இவை பொருந்தாத தொழில்கள் போலத் தோன்றலாம். ஆயினும், கையிற் கிடைத்த பொருளைக் கொண்டு செய்து பார்த்துவிடும் இயல்பு அவரிடம் இயற்கையாகவே இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. போரின் பின் பாரியிலும், 1928 முதல் செனோவாவிலும் பேராசிரியராக இருந்து, 1935 இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்து மன நரம்பு நோய்த் துறைக்குத் தலைவரானார்.

அவரை நெடுங்காலம் பற்றியிருந்த கேள்வி காக்கைவலிப்பைப் பற்றியது. வலிப்புநோயால் இறந்தோருடைய மூளையில் ஒரு பகுதி சுருங்கித் தடித்திருக்கக் கண்டார். அச்சுருக்கம் வலிப்புக்குக் காரணமா, அன்றி வலிப்பின் பயனா? இதனை அறிய, வேறு நஞ்சு ஒன்றும் கலவாமல் வலிப்பை மட்டும் விலங்குகளிடத்து உண்டாக்கல் வேண்டும். மின்னோட்டம் அதற்கு உதவுமெனக் கருதி, செனோவாவிலே நாய்களில் சோதனை தொடங்கினார். மின்வாய் ஒன்றை நாயின் வாயிலும் மற்றொன்றை மலவாயிலும் வைத்து மின் செலுத்தினர். வலிப்பு வந்தது; ஆனால் ஏறக்குறையப் பாதி நாய்கள் இறந்தன.

அதே காலத்தில் புடாபெசுற்று நகரில் மெடுனா என்னும் வைத்தியர், வலிப்புநோயும் உளச்சிதைவு நோயும் ஒருவரிடத்தே ஒருங்கு நில்லா என்று எண்ணி, 1934 இல் கற்பூரத்தை ஊசி வழி ஏற்றி நோயாளருக்கு வலிப்பை வருவித்தார். பின்னர் மெற்றசோல் என்னும் மருந்தைக் கையாண்டார். சிலர் தெளிந்தனர். அவர் கொண்ட கொள்கை பிழையென்று பிற்காலத்தார் கண்டனர். வைத்திய வரலாற்றிலே பிழைபட்ட கொள்கை நற்பயன் தந்தமைக்கு இதுவொன்றே சான்றாகப் போதும். மெற்றசோல் ஏற்றப்பட்டவருக்கு வலிப்பு வருமுன் சில கணங்கள் இறந்துபடுவோம் என்னும் பேரச்சம் தோன்றும். ஒருமுறை அதனை அனுபவித்தவர் மறுமுறை ஊசியைக் கண்டாலே நடுங்குவர். மின்னாலாயின் அவ்விடைவேளை இராது, நினைவு கணத்தில் மறையும் என்று செர்லெற்றி நினைத்தார். ஆனால் இறந்த நாய்கள் அவர் கண்முன் நின்றன.

இவ்விடத்திலே அவருடைய உதவியாளரான உலூசியோ பினி என்னும் இளைஞருக்குரிய பெருமையைச் சொல்லாமல் விடலாகாது. நாய்கள் இறந்தது மூளை தாக்கப்பட்டமையால் அன்று என்பதைக் கண்டவர் அவர். வாயிலிருந்து மலவாய்க்குச் செல்லும் மின், இடையிலுள்ள இருதயத்தின் வழியாகவே செல்ல வேண்டும். இருதயம் தானும் ஒருவகை மின் ஒழுங்கினாலே துடிப்பது, வெளியிலிருந்து பாயும் மின் அவ்வொழுங்கைக் குலைக்க, அது துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும், குருதி ஓடாது, உயிர் பிரியும். மின்வாய்கள் இரண்டையும் தலையின் இருமருங்கிலும் வைத்துவிட்டால் மின் இருதயத்தை அணுகாது. கேட்டபின் எளிதாய்த் தோன்றும் இவ்வுண்மையே பின்வந்த அனைத்துக்கும் அடிப்படை.

அந்நாளிலே உரோமாபுரிக் கொல்களத்திற் பன்றிகளை மின்னாற் கொல்கிறார்கள் என்று ஒருவர் செர்லெற்றிக்குச் சொன்னார். அவர் நேரே சென்று பார்த்தார். இடுக்கி போன்ற கருவியாற் பன்றியின் இரு கன்னப்பொறிகளையும் பற்றி மின் செலுத்தினர். பன்றி வலிப்புக் கண்டு விழுந்தது. அந்த மயக்கத்திலே கழுத்தை அறுத்தனர். கொன்றது கத்தியே, மின் அன்று. அறுக்காமல் விட்ட பன்றி சிறிது நேரத்தில் எழுந்து நடந்தது. செர்லெற்றி அங்கேயே பல பன்றிகளைச் சோதித்தார். வலிப்பு வருவதற்கு ஒரு விநாடியிலும் குறைந்த நேரமே போதுமென்றும், தலை வழியே அதனினும் நெடுநேரம் செலுத்தினும் விலங்கு பிழைக்குமென்றும், மார்பின் வழியே செலுத்துவதுதான் இடரென்றும் தெளிந்தார்.

1938 ஏப்பிரலில் புகையிரத நிலையத்திலே நிலைதடுமாறித் திரிந்த ஒருவரைக் காவலர் பிடித்து அவருடைய வைத்தியசாலைக்கு அனுப்பினர். மிலான் நகரத்துப் பொறியியலாளர். நாற்பது வயதை அணுகியவர். பொருளற்ற சொற்களையே பேசினார். முதன்முறை செலுத்திய மின் போதாமையால் முழு வலிப்பு வரவில்லை. மின்னின் வலுவைக் கூட்டுவது பற்றி வைத்தியர்கள் பேசிக்கொண்டிருக்கையில், அதுவரை பிதற்றிய அம்மனிதர் தெளிவான மொழியில், இன்னொருமுறை வேண்டாம், அது உயிர்கொல்லும் என்னும் கருத்துப்படத் தடுத்துச் சொன்னார். உதவியாளர் தயங்கினர். செர்லெற்றி தயங்கினார், ஆயினும் நிறுத்தவில்லை. வலுவைக் கூட்டி மறுபடி செலுத்தினர். வலிப்பு வந்து ஓய்ந்தது. எழுந்தமர்ந்தவர் அமைதியாய் இருந்தார். பலமுறை சிகிச்சை பெற்று நலமுற்று வீடு திரும்பினார். பிற்காலத்தில் நோய் மீண்டது. இந்நிகழ்ச்சியை நான் படிக்குந்தோறும் என் மனம் இருபாற்படும். நோயாளரது உடன்பாடு இன்றிச் செய்யப்பட்டது அது. அவர் முதன்முதற் கூறிய தெளிந்த வார்த்தையே மறுப்பு வார்த்தையாக இருந்தது. அம்மறுப்பைச் செர்லெற்றி தாமே மறையாமல் எழுதி வைத்தார் என்பதையும் நடுநின்று சொல்லுதல் வேண்டும்.

இம்முறை காற்றெனப் பரவியது. உரோமாபுரியில் அதனைக் கண்ட கலினொவ்சுகி என்னும் வைத்தியர் பிறநாடுகளுக்குக் கொண்டு சென்றார். மயக்க மருந்தின்றிச் செய்த அக்காலத்தில் தசைகள் முறுகியிழுக்கும் வேகத்தால் முள்ளந்தண்டு நொறுங்கினோர் பலர். அடங்காத நோயாளரை அச்சுறுத்தி அடக்கும் தண்டனையாக இதனைக் கையாண்ட மனநோய்ச்சாலைகளும் இருந்தன. இக்களங்கத்தை எவரும் மறைத்தல் இயலாது. 1940 இல் அமெரிக்காவிலே பெனற்று என்பவர் தசையைத் தளர்த்தும் கியூராரே மருந்தைப் புகுத்தினார். 1950 களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் வந்தது. குறுகிய மயக்கமும் பிராணவாயுவும் உடன் சேர்ந்தன. இன்று வலிப்பு நிகழ்வதைக் காட்டுவது பெரும்பாலும் மூளை மின்வரைபுக் கருவியே. உடல் அசைவது அரிது. மயக்கமும் தசைத்தளர்த்தியும் இன்றி இச்சிகிச்சை செய்வதை இந்தியா 2017 ஆம் ஆண்டு மனநல சட்டத்தால் விலக்கியுள்ளது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. செர்லெற்றி இதற்கு மின்னதிர்ச்சி என்று பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரே பாதி அச்சத்துக்குக் காரணம். நோய் தீர்ப்பது அதிர்ச்சியும் அன்று, மின்னும் அன்று. மூளையில் எழும் வலிப்பே. ஆதலால் மின்வலிப்புச் சிகிச்சை என்னும் இக்காலத் தமிழ்ப் பெயரே பொருத்தமானது. 1820 இல் எம் பண்டத்தரிப்புக்கு யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் வந்து மருந்து கொடுத்த நாள் தொட்டு, மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் மேலைவைத்திய நூல்களைத் தமிழாக்கிய நாள் ஈறாக, நல்ல பெயர் அமையாத மருந்தை நம்மவர் உண்ணத் தயங்கினர் என்பதை நினைக்க வேண்டும்.

இனி, பினி விலக்கிய இருதயம் உண்மையில் முழுதும் விலகிவிட்டதா? மின் அதனைத் தீண்டுவதில்லை. ஆனால் வலிப்பு தீண்டுகின்றது. மின் பாய்ந்த கணத்திலே வேகசு நரம்பு தூண்டப்பட்டு நாடி தளர்கின்றது. சில விநாடிகள் துடிப்பு நின்றுபோவதும் உண்டு. வலிப்பு எழுந்ததும் இதற்கு மாறாக நாடி விரைந்து, குருதியழுத்தம் மேலேறும். வாலிபரின் இருதயம் இதனை மாடிப்படி ஏறியதுபோலத் தாங்கிக்கொள்ளும். எழுபது எண்பது வயதானவருக்கு, அதிலும் முடியுருநாடி ஒடுங்கியவருக்கு, அச்சில நிமிடங்கள் பெருஞ்சுமை. அதனால் முன்கூட்டியே இருதய மின்வரைபு எடுப்பதும், குருதியழுத்தத்தையும் இருதயத் தளர்ச்சியையும் சீர்ப்படுத்துவதும், வழமையான இருதய மருந்தைச் சிகிச்சை நாட்காலையிற் சிறிது நீருடன் கொடுப்பதும், நாடி தளராதிருக்க அத்திரோப்பீன் போன்றதும் விரையாதிருக்க வேறு மருந்தும் ஆயத்தமாய் வைத்திருப்பதும் வழக்கமாயின. அண்மையில் மாரடைப்புக் கண்டவரிடத்துக் காலம் தாழ்த்துவர். இத்தனை காவலுடன் செய்யும்போது, ஓரிலட்சம் சிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டு மரணமே நேர்வதாகக் கணக்கிட்டுள்ளனர்.

இக்கணக்கை மறுபுறத்துக் கணக்கோடு வைத்தே நிறுத்தல் வேண்டும். கடும் மனச்சோர்வுற்ற முதியவர் உண்ணார், நீர் அருந்தார், இருதய மருந்தையும் விழுங்கார். சிலர் கிணற்றை நாடுவர். மாரடைப்பின் பின் மனச்சோர்வு கூடினால் மரண வாய்ப்பு மிகும் என்பது ஆய்வாளர் பலர் கண்ட உண்மை. மனச்சோர்வுக்குரிய பழைய மாத்திரைகள் சில இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுப்பன. இந்நிலையில் வாரம் இருமுறை அல்லது மும்முறையாக ஆறு முதல் பன்னிரண்டு முறை செய்யப்படும் இச்சிகிச்சை, இளையோரைக் காட்டிலும் முதியோரிடத்தே மிகுந்த பயன் தருகின்றது. ஞாபகக் குறைவு இதன் விலை. பெரும்பாலும் சில கிழமைகளில் நீங்கும். சிலருக்குக் கடந்தகால நினைவுகளிற் சில மீளாமலே போகும். பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்துவிட, நாற்சார் வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு நினைவுகளே செல்வம். அவற்றுட் சில போகலாம் என்பதை அவளுக்குச் சொல்லி, அவள் தலையசைத்த பின்னரே தொடங்குதல் முறை. 1938 இல் அந்தப் பொறியியலாளருக்குக் கிடையாதது அதுதான்.

செர்லெற்றி தாம் கண்ட முறையைத் தாமே விரும்பவில்லை என்பது பலர் அறியாத செய்தி. மனிதன் ஒருவன் வலிப்பிற் கிடக்கும் காட்சி அவருக்கு இறுதிவரை அருவருப்பாகவே இருந்தது. சாவின் எல்லைக்குச் சென்ற மூளை தன்னைக் காக்க ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றது என்று அவர் நம்பினார். அதற்கு அக்குரோ அகோனின் என்று பெயரிட்டு, மீண்டும் மீண்டும் மின் செலுத்திய பன்றிகளின் மூளையிலிருந்து அதனைப் பிரித்து நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தார். அப்பொருள் கைகூடிவிட்டால் மின்பெட்டியை மூடிவிடலாம் என்பது அவர் ஆசை. முதுமையின் ஆண்டுகளை எல்லாம் அதற்கே செலவிட்டார். பிறர் அதனை ஏற்கவில்லை. நோபெல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1963 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் திகதி, தமது 85 ஆவது வயதில், உரோமாபுரியிலே காலமானார். பினியும் அடுத்த ஆண்டே, ஐம்பத்தைந்து வயதிலே, இறந்தார். செர்லெற்றி மூட எண்ணிய மின்பெட்டி வடிவு மாறி, பல நாடுகளின் வைத்தியசாலைகளில் இன்றும் திறந்தே இருக்கின்றது.