கோரைப்புல் சொல்லிக்கொடுத்த பாடம்

1889ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் நண்பர்களுடன் துப்பாக்கிப் பயிற்சிக்குச் சென்றிருந்தார் ஜான் மோசஸ் பிரௌனிங். யாரோ சுட்டபோது, குழல்வாயிலிருந்து சீறிய வாயு எதிரே இருந்த கோரைப்புற்களைச் சாய்த்துவிட்டது. எல்லோரும் பார்த்த காட்சிதான். இவ்வளவு ஆற்றல் வீணாகிறதே என்று நினைத்தவர் பிரௌனிங் ஒருவரே.

1855இல் ஓக்டன் நகரில் பிறந்த அவருக்குத் தந்தையின் துப்பாக்கிப் பட்டறைதான் பள்ளிக்கூடம். 24 வயதில் முதல் காப்புரிமை. வாழ்நாள் முடிவில் அந்த எண்ணிக்கை 128.

அவருடைய புகழ்பெற்ற கைத்துப்பாக்கிக்குக் காரணம், பிலிப்பைன்ஸில் நடந்த போர். அங்கே அமெரிக்கப் படையினரின் சிறிய ரிவால்வர் தோட்டாக்கள் எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்தது. பெரிய குண்டு வேண்டும் என்றது இராணுவம். பிரௌனிங் 0.45 அங்குல, அதாவது 11.43 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுக்கான தோட்டாவை வடிவமைத்தார். குண்டின் எடை ஏறத்தாழ 15 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 250 மீட்டர். ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. வேகத்தை அல்ல, எடையையே அவர் நம்பினார்.

துப்பாக்கி இயங்கும் விதத்தை இயற்பியல் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டு முன்னே பாயும்போது, குழலும் அதன் மேலுள்ள நகரும் உறையும் ஒன்றாகப் பின்னே தள்ளப்படுகின்றன. சிறிது தூரம் சென்றதும் குழலின் பின்முனை கீழிறங்கிப் பிடியிலிருந்து விடுபடுகிறது. உறை மட்டும் தொடர்ந்து பின்னே போய்க் காலிக் கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில் அதை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால்தான் சுடும். அதனால்தான் அதற்கு அரைத் தானியங்கி என்று பெயர். கைப்பிடியை இறுகப் பற்றாவிட்டால் சுடாதபடி ஒரு பாதுகாப்புத் தடையும் உண்டு.

1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டித் துப்பாக்கி 37 முறை சிக்கியது. அந்த மாதமே தேர்வான எம்1911, அமெரிக்கப் படையில் 74 ஆண்டுகள் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

திறமைக்கு இன்னொரு பக்கமும் உண்டே! 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டைக் கொன்றதும் பிரௌனிங் வடிவமைத்த வேறொரு கைத்துப்பாக்கிதான். பெல்ஜியத்தில் தயாரானது. அதைத் தொடர்ந்து மூண்டது முதல் உலகப் போர். 1917இல் அமெரிக்காவும் அந்தப் போரில் இறங்கியபோது, தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துத் தம் ஆயுதங்களின் உரிமையை அரசுக்கு அளித்தார் பிரௌனிங்.

1926 நவம்பர் 26இல் பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது இன்னொரு கைத்துப்பாக்கியின் வடிவமைப்பு முடியாமல் இருந்தது. எம்1911இல் 7 தோட்டாக்களே கொள்ளும். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான இந்தப் புதியதில் 13. அவருடன் பணியாற்றிய டியூடோனே செய்வ் அதை முடித்தார். 1935இல் அது வெளிவந்தது, பிரௌனிங்கின் பெயரிலேயே.