வளரி பிடித்த கை

எங்க தாத்தா பதினேழு வருஷம் ராணுவத்துல இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தப்போ துப்பாக்கியைக் கோத்துல ஒப்படைச்சுட்டு வந்தார். அவர் கையோட வந்தது ஒரு மடக்குக் கத்திதான். அது சர்க்கார் கொடுத்தது இல்லை, சொந்தக் காசுல வாங்கினது. கயிறு அறுக்க, டின் திறக்க, ஆப்பிள் நறுக்க எல்லாத்துக்கும் அதுதான். சர்க்கார் கொடுக்கிறது சர்க்காருடையது, நாமளா பார்த்து எடுத்துக்கிட்டதுதான் நம்மளுதுன்னு அடிக்கடி சொல்வார். ஒரு சிப்பாய் தானா தேர்ந்தெடுத்துத் தூக்கிட்டுப் போற ஆயுதம் எதுங்கிற கேள்வி எனக்குள்ள விழுந்தது அப்போதான். அதைத் தேடிப் போனப்போ வந்து நின்ன ஆள் சின்ன மருது.

பேரு எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்ட் போஸ்டர்ல, ஆட்டோ பின்னாடி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மீசையோட நிக்கிறவர். எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் கையில வளரி படமே பச்சை குத்தியிருக்கான். அந்த வளரியை எப்படிப் பிடிக்கணும்னு கேட்டேன், தெரியலை. அவனைக் குத்தம் சொல்லலை, எனக்கும் அப்போ தெரியாது. தமிழை ரெண்டாவது மொழியா படிச்சவன் நான். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

1753-ல, இன்னைக்கு விருதுநகர் மாவட்டத்துல இருக்கிற நரிக்குடி பக்கத்து முக்குளத்துல பிறந்தவர் சின்ன மருது. அப்பா மொக்கை பழனியப்பன், அம்மா பொன்னாத்தாள். அண்ணன் பெரிய மருது அஞ்சு வயசு மூத்தவர். ரெண்டு பேரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்தாங்க. அரச குடும்பத்துப் பிள்ளைங்க இல்லை, சேவகத்துக்கு வந்தவங்க. இதை மறந்துட்டா பின்னாடி நடக்கிற எதுவும் புரியாது.

1772 ஜூன் 25. ஆற்காட்டு நவாபுக்காக கம்பெனிப் படை காளையார்கோயிலைத் தாக்கியது. மன்னர் இறந்தார். ராணி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சி, மந்திரி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் எல்லாரும் தப்பிச்சு வந்து சேர்ந்த இடம் நம்ம ஊர்ப் பக்கம்தான்: விருப்பாச்சி. திண்டுக்கல்லிலிருந்து பழனி ரோட்ல ஒட்டன்சத்திரம் தாண்டினா வரும். இன்னைக்கு மலை வாழைப்பழத்துக்குப் பேர் போன ஊர். அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் இவங்களுக்கு இடம் கொடுத்தார். எட்டு வருஷம். நாலு வருஷ இன்ஜினியரிங்கே நமக்கு முடிய மாட்டேங்குது, நாடு இழந்து எட்டு வருஷம் காத்திருக்கிறது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அப்போ திண்டுக்கல் மைசூர் ஹைதர் அலி கையில. நம்ம மலைக்கோட்டையைக் கட்டத் தொடங்கினது மதுரை நாயக்கர், 1605-ல. ஆனா அதை ஒரு ராணுவத் தளமா மாத்தினவர் ஹைதர். 1755-ல அவர் இங்கே பௌஜ்தாரா வந்தார். பிரெஞ்சுக்காரத் தொழில்நுட்ப ஆளுங்களைக் கூட்டி வந்து ஆயுதப் பட்டறை போட்டார். மெக்கானிக்கல் பசங்க கவனிக்கணும், திண்டுக்கல்னா பூட்டும் பிரியாணியும் மட்டும் இல்லை, அதுக்கு முன்னாடி இங்கே துப்பாக்கியும் பீரங்கியும் பேசின காலம் ஒண்ணு இருந்தது. தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பர்லேயே 5000 குதிரைப் படையும் 5000 காலாட்படையும் கேட்டு ஹைதருக்குக் கடிதம் எழுதினார். உதவி வர்றதுக்குள்ள அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் ராணி பக்கத்துல பொறுப்பா நின்னவங்க இந்த ரெண்டு சேவகர்கள்தான்.

இருபதுகளோட பெரும்பகுதியை சின்ன மருது இந்தத் திண்டுக்கல் சமவெளியில கழிச்சார். ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, மறுபக்கம் சிறுமலை, நடுவுல வெயில். சுத்தி இருந்தது பீரங்கியும் துப்பாக்கியும் வச்சிருந்த மைசூர்ப் படை. துப்பாக்கின்னா என்னன்னு தெரியாத காட்டாளா அவர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. சினிமாவுல துப்பாக்கியைப் பார்த்து ஆச்சரியப்படுற மாதிரி காட்டுவாங்க, எனக்கு அது எரிச்சலா இருக்கும். துப்பாக்கியும் வச்சிருந்தாங்க, ஈட்டியும் வச்சிருந்தாங்க, வளரியையும் வச்சிருந்தாங்க. தெரிஞ்சேதான் வச்சிருந்தாங்க.

வளரி பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். வளைதடின்னும் பேர். பிறை மாதிரி வளைஞ்ச ஒரு குட்டை ஆயுதம். பெரும்பாலும் வைரம் பாய்ஞ்ச கட்டையில செய்வாங்க, சிலது இரும்புல. ஒரு முனை கனமா இருக்கும், இன்னொரு முனை லேசா இருக்கும். வெளி விளிம்பைக் கூர் தீட்டியிருப்பாங்க. லேசான முனையைப் பிடிச்சு, தோளுக்கு மேல சில சுத்து சுத்தி, வேகம் ஏறினதும் விடணும். ஆஸ்திரேலியா பூமராங் மாதிரி திரும்பி வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இது திரும்பி வர்றதுக்கு இல்லை, போய்த் தாக்குறதுக்கு. கனமான முனை வெளியில இருக்கிறதால சுழற்சியில சேமிக்கிற ஆற்றல் அதிகம். அந்தச் சுழற்சியே அதைத் தடுமாறாம வச்சிருக்கும். ஃப்ளைவீல் பாடம் நடத்தும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தா நான் அந்தப் பேப்பர்ல அரியர் வச்சிருக்க மாட்டேன்.

நானும் ரெண்டு நண்பர்களும் கருவேலங்கட்டையில ஒண்ணு செஞ்சு பார்த்தோம். கூர் எதுவும் தீட்டலை, பயப்படாதீங்க. ஆள் இல்லாத ஒரு மைதானத்துல ஞாயித்துக்கிழமை காலையில எறிஞ்சோம். முதல் எறி பதினஞ்சு மீட்டர். ரெண்டாவது எறிஞ்சவன் பின்னாடியே போச்சு. நாள் முழுக்க முயற்சி செஞ்சும் நாப்பதைத் தாண்டலை. மறுநாள் தோள்பட்டை தூக்க முடியலை.

சின்ன மருதுவைப் பத்தி எழுதி வச்சவர் தேர்ந்த கை இருந்தா 100 கெஜம், அதாவது 91 மீட்டர் வரைக்கும் குறி தப்பாம எறியலாம்னு சொல்றார். யார் அவர்? ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனிப் படையில இருந்த ஆங்கிலேய அதிகாரி. எனக்கு இந்தக் கதையில மறக்கவே முடியாத ஆள் இவர்தான்.

1780-ல ஹைதர் உதவியோட சிவகங்கை மீண்டது. ராணி பேருல ஆட்சி, நடைமுறையில மருது சகோதரர்கள் கையில நிர்வாகம். பெரிய மருதுவுக்கு வேட்டைதான் உயிர். ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலால வளைச்சிடுவார்னு வெல்ஷே எழுதியிருக்கார். நிர்வாகம் பார்த்தது தம்பி. சிறுவயல்ல அவரோட அரண்மனை. காவல் கிடையாது, யாரு வேணாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கறுத்த நிறம், நல்ல உடம்பு, இனிமையான பேச்சு. அவர் தலையசைச்சா அதுதான் சட்டம்.

வெல்ஷ் 1795-ல அங்கே போனப்போ அவருக்கு இருபது வயசு. நம்ம வயசு. சின்ன மருது அவரைப் பிள்ளை மாதிரி நடத்தினார். மதுரையில இருந்தப்போ நல்ல அரிசியும், தோல் சொரசொரப்பான இனிப்பு ஆரஞ்சும் அனுப்பி வச்சார். ஈட்டி எறியக் கத்துக் கொடுத்தார். வளரி எறியவும் கத்துக் கொடுத்தார். ஒரு வெள்ளைக்கார சிப்பாய்ப் பையனோட தோளைத் திருப்பி, மணிக்கட்டைச் சரி பண்ணி, இப்படி சுத்து, இப்போ விடுன்னு சொல்லிக் கொடுத்த கையை நினைச்சுப் பாருங்க. அந்தப் பையன் ஆறு வருஷம் கழிச்சு அதே ஆளைத் தேடிக் காட்டுக்குள்ள வந்தான்.

ஏன் அப்படி ஆச்சு? 1799 அக்டோபர்ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 பிப்ரவரியில அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச்சார். மே மாசம் பாஞ்சாலங்குறிச்சி ரெண்டாவது முறையும் விழுந்தது. காயத்தோட ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடிச்சுக் கொடுங்கன்னு கர்னல் அக்னியூ கேட்டார். சின்ன மருது கொடுக்கலை. இருபது வருஷம் சேர்த்த எல்லாம் இந்த ஒரு மறுப்புல போகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நாடில்லாம வந்து விருப்பாச்சியில எட்டு வருஷம் அடைக்கலமா இருந்தவர் அவர். அடைக்கலம்னு வந்தவரை எப்படி அனுப்புவார்? இது என் ஊகம்தான், ஆனா இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கலை.

இதுக்கு முன்னாடியே கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களைச் சேர்த்து ஒரு கூட்டணி கட்டியிருந்தார். மருதுவும் அதுல தொடர்பு. 1800 ஜூன்ல கோயம்புத்தூர் கோட்டையைப் பிடிக்கப் போட்ட திட்டம் வெளியே தெரிஞ்சு தோத்துப் போச்சு. அடுத்த வருஷம் கோபால நாயக்கரைப் பிடிச்சு நம்ம திண்டுக்கல்லயே தூக்குல போட்டாங்க. ஊர்ல கோபாலசமுத்திரம் குளக்கரை வழியா தினமும் போற பஸ்ல நான் மூணு வருஷம் போயிருக்கேன், இது தெரியாமலேயே.

1801 ஜூன் 16-ல திருச்சிக் கோட்டைச் சுவர்லயும் ஸ்ரீரங்கம் கோயில்லயும் ஒரு அறிக்கை ஒட்டப்பட்டது. சின்ன மருதுவோடது. எல்லா வர்ணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒண்ணா கூப்பிட்ட அறிக்கை. அதுல எனக்கு முக்கியமாப் பட்டது, கம்பெனியில வேலை பார்க்கிற சுபேதார், ஜமேதார், ஹவில்தார், சிப்பாய் எல்லாரையும் அவர் நேரா கூப்பிட்டதுதான். கையில இருக்கிற ஆயுதம் யார் கொடுத்ததா இருந்தாலும் அதை எந்தப் பக்கம் திருப்புறதுன்னு நீங்க முடிவு பண்ணலாம்ங்கிறதுதான் அதோட சாரம்.

கம்பெனிப் படை சிறுவயலை நெருங்கினப்போ ஊரே தன் வீடுகளுக்குத் தீ வச்சுட்டுக் காட்டுக்குள்ள போயிடுச்சு. அங்கிருந்து காளையார்கோயில் வரைக்கும் அடர்ந்த காடு. ஆகஸ்ட் மாசம் முழுக்க மரம் வெட்டி ரோடு போடப் பார்த்தாங்க. வெட்ட வெட்ட அடி விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்துல கைவிட்டுட்டு ஒக்கூருக்குத் திரும்பினாங்க.

இங்கே ஆயுதத்தோட கணக்கைப் பார்க்கணும். கம்பெனி சிப்பாயோட மஸ்கட்டை நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் சுட முடியும். வரிசையா நின்னு மொத்தமா சுட்டாத்தான் அதுக்கு மதிப்பு. மருந்து நனைஞ்சா அதுவும் வெறும் தடி. காட்டுக்குள்ள வரிசை கட்ட முடியாது. ஆனா இதைச் சொல்லி வளரிதான் ஜெயிச்சதுன்னு எழுத எனக்கு மனசு வரலை. மரம் அடர்ந்த இடத்துல சுழன்று போற ஆயுதமும் கிளையில மோதும். அந்தக் காட்டுல அதிகம் வேலை செஞ்சது நீள ஈட்டியும் துப்பாக்கியும், காட்டோட ஒவ்வொரு தடமும் தெரிஞ்ச காலும்தான்னு நினைக்கிறேன். வளரி இடுப்புல இருந்தது. தாத்தாவோட மடக்குக் கத்தி மாதிரி, அது அவங்களோடது.

கம்பெனி கடைசியில வேற வழி பிடிச்சது. சிவகங்கை அரச குடும்பத்து வாரிசுன்னு கௌரி வல்லபரைக் கொண்டு வந்து செப்டம்பர்ல சோழபுரத்துல பட்டம் கட்டினாங்க. மருது அரச வம்சம் இல்லையே, சேவகர்தானேங்கிற பேச்சு வேலை செஞ்சது. ஆட்கள் பிரிஞ்சாங்க. அக்டோபர் 1-ல பல பக்கமிருந்தும் உள்ளே புகுந்து காளையார்கோயிலைப் பிடிச்சாங்க. ஒரு மாசம் கோடாலியால முடியாதது ஒரு பட்டாபிஷேகத்துல முடிஞ்சுது.

சின்ன மருது தொடை எலும்பு உடைஞ்ச நிலையில பிடிபட்டார். வேட்டை மிருகத்தைத் துரத்துற மாதிரி துரத்தினோம்னு வெல்ஷ் தன் புத்தகத்துல வெட்கத்தோட ஒத்துக்கிறார். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். அண்ணன், தம்பி, கூட இருந்தவங்க எல்லாரையும் தூக்குல போட்டாங்க. வெல்ஷ் அதையும் பார்த்தார். ஈட்டி எறியக் கத்துக் கொடுத்தவர் சங்கிலியோட தொங்கினதைப் பார்த்தார்.

டிசம்பர்ல ஆயுதம் வச்சிருக்கத் தடை போட்டு கவர்னர் எட்வர்ட் கிளைவ் உத்தரவு வந்தது. பாளையங்களோட கோட்டைகளை இடிச்சாங்க. வளரி அதோட பூஜையறைக்குப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு 1909-ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தொகுப்புல, புதுக்கோட்டை திவான் சொன்ன தகவல் ஒண்ணு இருக்கு. எறியத் தெரிஞ்ச வல்லவங்க யாரும் இப்போ இல்லையாம். முயல், காட்டுக்கோழி அடிக்க எப்பவாவது எடுப்பாங்களாம். பழைய குடும்பங்கள்ல ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துத் துடைச்சு, பொட்டு வச்சு, திரும்ப உள்ளே வச்சிடுவாங்களாம்.

சின்ன மருதுவோட இளைய மகன் துரைசாமிக்கு அப்போ 15 வயசு. அவரைத் தூக்குல போடலை. 1802 பிப்ரவரியில இன்னும் எழுபது பேருக்கு மேல சேர்த்துக் கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. 1818-ல வெல்ஷ் பினாங்குக்குப் போனார். ஒரு நாள் தளர்ந்து போன ஒரு கிழவர் அவர் முன்னாடி வந்து நின்னார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியலை. பேரைச் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது, அது துரைசாமி. வயசு 32 தான் இருக்கும்.