சிறுமிகளுக்குக் கதவு திறந்த அம்மையார்



பெண் குழந்தையைப் பாரமென்று எண்ணிய வீடுகள் நம் சேலம், நாமக்கல் சீமையில் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1992-ஆம் வருஷம் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் ஆரம்பித்தது சேலம் ஜில்லாவில்தான். எருமப்பட்டியும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. வேண்டாத சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கமே தாய்மாரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே, யாரும் சேர்த்துக்கொள்ளாத சிறுமிகளைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரித் தலைவர். தாய் சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துச் சிறுமிகள் அறியாத வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டார்கள். பிறகு அவர்களுக்குக் கலியாணம் கிடையாது. பணக்காரர் தயவில் பிழைக்க வேண்டியதுதான். தம் தாயின் குலத்தார் படும் பாட்டை அவர் குழந்தைப் பருவம் முதலே கண்டிருந்தார்.

ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் புதுக்கோட்டை ராஜாவின் உத்தரவினால் இடம் பெற்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டர் ஆனார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாராம். அவரும் ஒப்புக்கொண்டார். (நம் வீட்டு ஆண்மக்கள் இந்த இடத்தை இரண்டாம் முறையும் படிக்கலாம்.)

1927-இல் சென்னை சட்டசபையின் உபதலைவரானார். சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவரே. அவ்வருஷமே பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். சாஸ்திரம் போய்விடும், கலை அழிந்துவிடும் என்று எதிர்த்தவர்களில் படித்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். இதைப் பிற மதத்தாரின் குறையாக நாம் வாசிக்க வேண்டாம். எதிர்த்தவர்களும் ஹிந்துக்கள், போராடியவரும் ஹிந்துவே. பெண் குழந்தையைக் குறைவாய் மதித்த பாவத்தில் எல்லா ஜாதிக்கும், எல்லா மதத்துக்கும் பங்குண்டு.

அவர் வெறும் பேச்சோடு நின்றவரல்லர். கோயில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பெண்ணைப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். வயிற்றுப் பிழைப்பே போகுமென்றால் எந்தத் தாய்தான் துணிவாள்? ஆகவே 1929-இல் அந்த நிலத்தைச் சேவைக் கட்டிலிருந்து விடுவித்து, அக்குடும்பங்களுக்கே உரிமையாக்கும்படி சட்டம் செய்வித்தார். தாய் சோற்றுக்கு அஞ்சித் தன் மகளைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதனால் நீங்கியது. பொட்டுக்கட்டுவதை முழுவதும் தடுத்த சட்டமோ 1947-இல்தான் வந்தது. இருபது வருஷங்கள் அவர் விடவில்லை.

காந்தியடிகள் 1930-இல் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அந்நாட்களில்தான், அவ்வாழ்வை வேண்டாமென்று ஓடிவந்த சில இளம்பெண்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. சட்டம் கொண்டுவந்தவர் அதோடு தம் கடமை முடிந்ததென்று கதவைச் சாத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்விதம் பிறந்ததே ஔவை இல்லம். பிறகு அது அடையாற்றில் நிலைபெற்று, அனாதைச் சிறுமிகள் பலருக்குச் சோறும் படிப்பும் தொழிலும் கொடுத்தது.

தங்கை புற்றுநோயால் இறந்த துக்கத்தை அவர் மறக்கவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. நம் ஊர்ப்பக்கத்து நோயாளிகளும் அங்கே போய் வருகிறார்கள். 1968-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி காலமானார்.

நம் பங்கிலுள்ள கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து பெறுகிற அரசாங்க மகப்பேறு உதவி இந்த அம்மையாரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. இன்னும் பதியாதவர்கள் கிராம நர்ஸைப் பார்த்துக் கேளுங்கள்.